அசை என்னும் அலகு: வாசகர் கேள்விகளும் விடைகளும்

பேச்சொலிகளைப் பற்றி வாசகர்கள் எழுதியனுப்பிய கேள்விகளுள் அசை குறித்தவற்றை மட்டும் இம்முறை ஒன்றாகச் சேர்த்து விடையளிக்கிறேன்.

கேள்வி: ‘மலர்’ என்பது ஒரே அசை, அதாவது நிரையசை என்றுதான் மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறேன். கல்லூரியில் மொழியியல் படிக்கும் என் மகளோ அது இரண்டு அசை என்கிறாள். எது சரி?
(தமிழாசிரியர் ஒருவர், தஞ்சாவூர்)

இருவர் சொல்வதும் சரியே. இருவரும் இரண்டு வெவ்வேறு அலகுகளை ஒரே பெயரால் குறிப்பதால்தான் முரண்பாடு தோன்றுகிறது. நீங்கள் சொல்வது செய்யுளை அளக்கும் அசை. உங்கள் மகள் சொல்வது ஆங்கிலத்தில் சிலபிள் எனப்படும் பேச்சொலி அலகு. குழப்பம் நேராதிருக்க, இப்பகுதி முழுவதும் முன்னதை யாப்பசை என்றும் பின்னதை ஒலியசை என்றும் குறிப்பிடுகிறேன்.

ஒலியசை என்பது ஓர் உயிரொலியை நடுவாகக் கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் மெய்யொலிகள் சேர்ந்தோ சேராமலோ ஒரே மூச்சோட்டத்தில் ஒலிக்கும் தொகுதி. ‘மலர்’ என்பதில் ‘ம’ ஒன்று, ‘லர்’ ஒன்று என இரண்டு ஒலியசைகள் உள்ளன. யாப்பசையோ ஒலியசைகளின் கனத்தைக் கணக்கிட்டு அவற்றைத் தனியாகவோ இணையாகவோ எடுத்துக்கொள்கிறது. நேரசையின் நான்கு வகைகளான தனிக்குறில், தனிக்குறில் ஒற்று, தனிநெடில், தனிநெடில் ஒற்று ஆகிய நான்கும் ஒவ்வோர் ஒலியசையே ஆகும். நிரையசையின் நான்கு வகைகளுக்கு மரபாகக் காட்டப்படும் வெறி, சுறா, நிறம், விளாம் ஆகியவற்றை ஒலித்துப் பாருங்கள். நான்கிலும் இரண்டிரண்டு ஒலியசைகள் இருப்பதும், அவ்விரண்டில் முதலாவது எப்போதும் ஒற்றில்லாத தனிக்குறிலாகவே இருப்பதும் தெரியும்.

யாப்பின் நுட்பம் இவ்விடத்தில்தான் இருக்கிறது. ஒற்று அடுக்காத குறில் மிகவும் இலேசானது. சீரின் தொடக்கத்தில் அது தனித்து நின்று அசையாவதில்லை, தன்னை அடுத்து வரும் குறிலையோ நெடிலையோ துணைக்கொண்டே அசையாகிறது. வடமொழி யாப்பு இலகு, குரு என்று பகுத்ததும் இதே கனவேறுபாட்டைத்தான். ஆனால் வடமொழி ஒவ்வோர் ஒலியசையையும் தனித்தனியாக எடைபோட, தமிழ் இலேசானதை அடுத்ததோடு பிணைத்து ஓர் அலகாக்கியது. ‘கடவுள்’, ‘பாடினான்’ ஆகிய இரு சொற்களும் மூன்று ஒலியசை கொண்டவை. யாப்பில் இரண்டும் ஈரசைச் சீர்களே. முன்னது கட, வுள் என நிரைநேராகவும், பின்னது பா, டினான் என நேர்நிரையாகவும் பிரிகின்றன.

தொல்காப்பியம் இவ்விரண்டோடு நிற்காமல் நேர்பு, நிரைபு என்னும் இரண்டு அசைகளையும் வகுத்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். ‘வண்டு’ என்பதை நேர், நேர் எனப் பிரிக்காமல் நேர்பு என ஓரசையாகவும், ‘வரகு’ என்பதை நிரைபு என ஓரசையாகவும் கொண்டதற்கு ஈற்றிலுள்ள உகரத்தின் மெலிவே காரணமாக இருக்க வேண்டும் என்று கருதுகிறேன். குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை. ஓர் உயிர் மெய்யொலியின் அளவுக்குக் குறுகும்போது அது முழு அசையாக நிற்குமா என்னும் கேள்வியைத் தொல்காப்பியர் எழுப்பி, தமக்குரிய முறையில் விடையும் கண்டிருக்கிறார். பின்வந்த யாப்பருங்கலமும் காரிகையும் நேர்பையும் நிரைபையும் தனியசைகளாகக் கொள்ளவில்லை. ஆயினும் வெண்பாவின் ஈற்றுச்சீர் மட்டும் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளால் இன்றும் அளக்கப்படுகிறது. அவற்றுள் காசும் பிறப்பும் பழைய நேர்பு, நிரைபின் எச்சங்களே. உகரத்தின் மெலிவைச் செவியால் உணர்ந்து அதற்கென ஓர் அலகு வகுத்த இவ்வுழைப்பை, மாணவர்கள் வெறும் வாய்பாடாக மனப்பாடம் செய்துவிட்டுப் போவது எனக்கு வருத்தம் தருகிறது. காசு, பிறப்பு என்று நடத்தும்போதே உகரம் ஏன் அங்கே வேறாக எண்ணப்படுகிறது என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: தமிழ்ச் சொல்லொன்றில் எத்தனை ஒலியசைகள் உள்ளன என்பதை எளிதில் கண்டறிய வழி உண்டா?
(கல்வியியல் மாணவி ஒருவர், யாழ்ப்பாணம்)

உண்டு. சொல்லை எழுதி, புள்ளி வைத்த எழுத்துகளையும் ஆய்தத்தையும் விட்டுவிட்டு எஞ்சியவற்றை எண்ணினால் போதும். ‘இலக்கணம்’ என்பதில் இ, ல, க, ண என நான்கு. ‘வாழ்க்கை’யில் வா, கை என இரண்டு. ஒவ்வோர் உயிரும் ஒவ்வோர் உயிர்மெய்யும் தன்னுள் ஓர் உயிரொலியைக் கொண்டிருப்பதாலும், புள்ளியெழுத்து அதனைக் கொண்டிராததாலும் இக்கணக்குப் பொருந்துகிறது. எல்லை காண வேண்டுமாயின், புள்ளியெழுத்தை அதற்கு முன்னுள்ள எழுத்தோடு சேர்த்துவிடுங்கள்: இ-லக்-க-ணம், வாழ்க்-கை. தேவநாகரியில் இரு மெய்கள் அடுத்து வரும்போது அவை கூட்டெழுத்தாகி, முன்னசையை முடிக்கும் மெய்யும் பின்னசையைத் தொடங்கும் மெய்யும் ஒரே வடிவத்துக்குள் அடங்கிவிடும். தமிழில் புள்ளி அவ்விரண்டையும் பிரித்துக் காட்டிவிடுகிறது.

இது எழுத்துத் தமிழுக்கான கணக்கு. பேச்சில் ஒலியசைகள் குறையும். ‘இருக்கிறது’ என்னும் ஐந்தசைச் சொல் ‘இருக்கு’ என மூன்றாகிறது. ‘இரண்டு’ என்னும் மூன்றசைச் சொல் ‘ரெண்டு’ என இரண்டாகிறது. ஆகவே பேச்சை ஆராய்வதாயின், எழுதியதை எண்ணாமல் கேட்டதை எண்ண வேண்டும்.

கேள்வி: என் குரலைப் பதிவுசெய்து கணினியில் அதன் அலைவடிவத்தைப் பார்த்தேன். ஓர் அசை எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதற்கான அடையாளம் எதுவும் தென்படவில்லை. அசை என்பது உண்மையிலேயே உள்ளதா, அல்லது இலக்கண ஆசிரியர்களின் கற்பனையா?
(பொறியியல் மாணவர் ஒருவர், கோயம்புத்தூர்)

ஒலியியலில் நூறாண்டுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டுவரும் கேள்வி இது. யாரைக் கேட்டாலும் தம் மொழிச் சொல்லின் அசைகளை எண்ணிச் சொல்லிவிடுவர். ஆனால் அசை எது என வரையறுக்கச் சொன்னால் அறிஞர்களும் தடுமாறுவர்.

அமெரிக்க அறிஞர் ரேமண்ட் ஸ்டெட்சன் 1928இல் வெளியிட்ட நூலில், ஒவ்வோர் அசைக்கும் நெஞ்சுக்கூட்டுத் தசைகள் ஒருமுறை துடித்துக் காற்றை உந்துகின்றன என்றும், அத்துடிப்பே அசை என்றும் வாதிட்டார். கருத்து கவர்ச்சியானது, உடலிலேயே அசைக்கு ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டதாகப் பலரும் நம்பினர். 1950களில் எடின்பரோவில் பீட்டர் லேடிஃபோகெட் உடலியல் அறிஞர்களுடன் சேர்ந்து விலா எலும்பிடைத் தசைகளின் மின்செயல்பாட்டை நேரடியாக அளந்தபோது, அசைக்கும் துடிப்புக்கும் ஒன்றுக்கு ஒன்று என்ற பொருத்தம் இல்லை என்பது தெரியவந்தது. சில இடங்களில் ஓரசைக்கு இரண்டு துடிப்புகளும், வேறு சில இடங்களில் ஈரசைக்கு ஒரே துடிப்பும் காணப்பட்டன. ஸ்டெட்சனின் கொள்கை அத்தோடு செல்வாக்கிழந்தது.

இன்று பெரிதும் பயன்படுவது ஒலிப்புவளம், அதாவது ஓர் ஒலி எவ்வளவு ஓங்கிக் கேட்கிறது என்னும் கருத்து. டென்மார்க்கின் ஓட்டோ எஸ்பர்சன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு ஏணிமுறை ஒன்றை வகுத்தார். வாய் அகலத் திறந்து ஒலிக்கும் ‘ஆ’ போன்ற உயிர்கள் உச்சியில் நிற்கும், அவற்றுக்குக் கீழே ய், வ், பின்னர் ர், ல், ழ், ள், பின்னர் மூக்கொலிகள், பின்னர் ஸ் போன்ற உரசொலிகள், அடியில் க், ட், த், ப் முதலிய வெடிப்பொலிகள். பேச்சு ஏறியும் இறங்கியும் செல்லும் ஒரு மலைத்தொடர் எனக் கொண்டால், ஒவ்வொரு சிகரமும் ஓர் அசையின் நடுவாகும். சிகரங்களை எண்ணுவது எளிது. இரு மலைகளுக்கிடையே ஒன்றின் அடிவாரம் எங்கே முடிந்து மற்றதன் அடிவாரம் எங்கே தொடங்குகிறது எனக் கோடு கிழிப்பதுதான் கடினம். நீங்கள் அலைவடிவத்தில் தேடியது அந்தக் கோட்டைத்தான். எல்லையைத் தேடாமல் ஒலிச்செறிவின் உச்சங்களைத் தேடியிருந்தால், பெரும்பாலான இடங்களில் அசைகளின் எண்ணிக்கை உங்கள் கண்ணுக்கே தெரிந்திருக்கும்.

இக்கொள்கைக்கும் விலக்குகள் உண்டு. ஆங்கிலத்தின் ‘ஸ்டாப்’ என்னும் சொல்லில் ‘ஸ்’ஸின் ஒலிப்புவளம் ‘ட்’டினுடையதைவிட மிகுதி, அக்கணக்கின்படி அங்கே இரண்டு சிகரங்கள் இருக்க வேண்டும், ஆங்கிலேயர் காதுக்கோ அது ஓரசை. சிகரத்தில் உயிர்தான் நிற்க வேண்டும் என்பதும் இல்லை. செக் குடியரசின் பிர்னோ நகரப் பெயரை அந்நாட்டவர் முதலசையில் உயிரே இல்லாமல், ‘ர்’ரை நடுவாகக் கொண்டு ஒலிக்கின்றனர். வடமொழி இலக்கணிகள் ‘கிருஷ்ண’ என்பதன் முதலொலியை அடுத்து வருவதை உயிரெழுத்துகளுள் ஒன்றாக வைத்ததும் இத்தகைய ரகரத்தைக் கண்டுதான். மொராக்கோவின் தஷல்ஹீத் என்னும் பெர்பர் மொழியில் உயிரொலி ஒன்றுகூட இல்லாத முழுச்சொற்களே உண்டு. பிரான்சுவா தெல், முகம்மது எல்மெத்லாவி இருவரும் 1985இல், அம்மொழியில் எந்த மெய்யும், வெடிப்பொலியும்கூட, அசையின் நடுவாக நிற்கக்கூடும் என விளக்கியபோது ஒலியியலில் அது பெரும் விவாதத்தைத் தோற்றுவித்தது.

இவ்வளவு விலக்குகள் இருந்தும் அசையைக் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு காரணங்கள் காட்டுகிறேன். 1950களில் அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தினர், ‘டி’, ‘டு’ போன்ற அசைகளிலிருந்து மெய்யை மட்டும் வெட்டியெடுத்துக் கேட்க முயன்றனர். அதில் ‘ட்’ கேட்கவில்லை; பறவையின் கிறீச்சொலி போன்ற ஓர் ஓசையே கேட்டது. மேலும் ‘டி’யில் அந்த மெய்க்குரிய அதிர்வெண் மாற்றம் ஒருவகையாகவும் ‘டு’வில் முற்றிலும் வேறுவகையாகவும் இருந்தது. மெய்யும் உயிரும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வருவதில்லை, ஒன்றன்மேல் ஒன்று படர்ந்தே ஒலிக்கின்றன என்பதை இது காட்டிற்று. பேச்சை அசையினும் சிறிதாக வெட்டினால் ஒலியின் அடையாளமே அழிந்துபோகிறது. ஏறத்தாழ அசையின் அளவில்தான் அது நிலைத்து நிற்கிறது. உங்கள் துறைக்கும் இது நேரே பயன்படுவது: எழுத்தைப் பேச்சாக மாற்றும் இந்திய மொழி மென்பொருள்களை உருவாக்கிய சென்னை ஐஐடி ஆய்வாளர்கள், தனியொலிகளை ஒட்டுவதற்குப் பதில் அசைகளை அலகாகக் கொண்டு பணிசெய்திருக்கின்றனர்.

இரண்டாவது சான்றுக்கு ஆய்வகம் தேவையில்லை. ஒவ்வோர் அசைக்கும் முன்னே ‘க’ சேர்த்துப் பிறருக்குப் புரியாமல் பேசும் சிறுவர் விளையாட்டை நினைத்துப் பாருங்கள். ‘அம்மா’ அங்கே ‘கஅம் கமா’ ஆகிறது. இடையிலுள்ள ‘ம்’முக்குத் தனியே ஒரு ‘க’ சேர்க்க எந்தக் குழந்தையும் முற்படுவதில்லை. இலக்கணம் படியாத வயதில் அந்தக் கோட்டை அவ்வளவு திருத்தமாகக் கிழிக்கும் அறிவு மனத்தில் இருக்கிறது. அலைவடிவத்தில் அதைத் தேடியதுதான் பொருந்தாது.

கேள்வி: எங்கள் ஊரில் பெரியவர்கள் ‘இஸ்கூல்’, ‘டேசன்’ என்று சொல்லும்போது இளைஞர்கள் சிரிக்கின்றனர். இது கல்வியின்மையால் வரும் பிழையா?
(வங்கி ஊழியர் ஒருவர், விருதுநகர்)

இல்லை. அவர்கள் தமிழின் அசையமைப்புக்குப் பிழையின்றிக் கட்டுப்பட்டே பேசுகின்றனர். சிரிப்பவர்கள் இதனை அறிந்துகொள்ள வேண்டும்.

ஒவ்வொரு மொழியும் தன் அசையில் எத்தனை மெய்கள் எங்கெங்கே நிற்கலாம் என வரையறுத்து வைத்திருக்கிறது. ஆங்கிலம் தாராளமானது, ‘ஸ்ட்ரெங்த்’ போன்ற சொல்லில் ஓருயிரின் இருபுறமும் மெய்களை அடுக்கி ஓரசைக்குள் நிறுத்திவிடும். ஹவாய் மொழி மிகவும் கண்டிப்பானது. மெய்யில் முடியும் அசையே அதில் இல்லை. கிறிஸ்துமஸ் அம்மொழியில் ‘கலிகிமாக’ ஆகிவிட்டது. தமிழ் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அசையின் தொடக்கத்தில் ஒரு மெய்க்கு மேல் அது ஏற்பதில்லை. இறுதியில் பொதுவாக ஒரு மெய். ய், ர், ழ் ஆகியவற்றின்பின் மட்டும் இன்னொரு மெய்யும் நிற்க இடந்தந்து, ‘வாய்ப்பு’, ‘பார்த்தான்’, ‘வாழ்க்கை’ போன்றவற்றில் ஈரொற்று மயக்கமாக அமையும். சொல்லின் ஈற்றில் வல்லின மெய் நிற்பதில்லை. ஆகவேதான் ‘பேங்க்’ பேச்சில் ‘பேங்கு’ ஆகிறது.

இப்போது ‘ஸ்கூல்’ வருகிறது. தொடக்கத்தில் இரு மெய்கள். முன்னே ஓர் இகரம் சேர்த்தால் ‘ஸ்’ அந்த இகரத்தோடு ஒட்டி முன்னசையின் இறுதிமெய்யாகிவிடும். ‘இஸ்-கூல்’ என இரண்டு ஒழுங்கான அசைகள் கிடைக்கும். ‘டேசன்’ என்பவர் ‘ஸ்’ஸையே விட்டுவிட்டு அதே ஒழுங்கை வேறு வழியில் அடைகிறார். இலத்தீனின் ‘ஸ்கோலா’ ஸ்பானிய மொழியில் ‘எஸ்குவேலா’ ஆனதும் இவ்வாறே; அங்கே அது அகராதிச் சொல், இங்கே அதற்குச் சிரிப்பு.

வடசொற்களை ஏற்றபோதும் தமிழ் இதைத்தான் செய்தது. அதற்கு நம் இலக்கணிகள் விதியும் எழுதினர். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலில் பவணந்தி முனிவர், வடமொழியில் இணைந்து வரும் மெய்களுக்கிடையே எந்த உயிர் தோன்றும் என்பதைப் பின்வரும் மெய்யை வைத்து வகுத்துரைக்கிறார்: ய, ர, லவுக்கு முன் இகரம், ம, வவுக்கு முன் உகரம், நகரத்துக்கு முன் அகரம். தியாகம், பதுமம், பக்குவம், அரதனம் ஆகியவை இவ்வாறு அமைந்தவை. பதுமத்தில் மகரத்துக்கு முன் உகரம் வருவது தற்செயலன்று; மகரமும் வகரமும் இதழ்களால் பிறப்பவை, உகரமோ இதழ் குவிவது. அன்னிய ஒலிக்கூட்டம் ஒன்றை உடைக்கும்போது எந்த உயிரை நுழைப்பது என்பதில் அருகிலுள்ள மெய்யின் பிறப்பிடம் செல்வாக்குச் செலுத்துகிறது என இன்றைய ஒலியியல் பல மொழிகளிலும் கண்டு சொல்வதை, சொற்களைத் தொகுத்துப் பார்த்தே அந்த ஆசிரியர் பிடித்திருக்கிறார். உங்கள் ஊர்ப் பெரியவர்களின் நாவில் இயங்குவதும் நூற்பாவில் எழுதப்பட்டதும் ஒரே தமிழ் அசையின் ஒழுங்குதான்.

கேள்வி: தமிழில் ஹைக்கூ எழுதும்போது 5-7-5 என அசைகளை எண்ணுவது முறையா?
(கவிதை ஆர்வலர் ஒருவர், புதுச்சேரி)

ஜப்பானியர் எண்ணுவது ஒலியசையை அன்று. மோரா எனப்படும் கால அலகை. குறில் ஒரு மோரா, நெடில் இரண்டு, அசையை முடிக்கும் மெய்யும் ஒன்று. ‘டோக்கியோ’ என நாம் எழுதும் பெயர் அவர்கள் ஒலிப்பில் இரண்டு ஒலியசைகளும் நான்கு மோராக்களும் கொண்டது. நம் மாத்திரையும் கால அலகுதான் என்றாலும், மெய்க்கு அரை மாத்திரையே தருவதால் அது மோராவோடு ஒத்துவராது. ஆதலால் தமிழில் ஒலியசையை எண்ணி 5-7-5 அமைத்தால் அது வேறோர் அளவாகவே இருக்கும். எண்ணிக்கையை விட்டுவிட்டு மூன்றடியின் இறுக்கத்தைப் பேணுவதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: தமிழர்கள் மிக வேகமாகப் பேசுகிறார்கள் என்று வெளிமாநில நண்பர்கள் சொல்கின்றனர். இதை அளக்க முடியுமா?
(மென்பொருள் பணியாளர் ஒருவர், பெங்களூரு)

ஒரு நொடிக்கு எத்தனை ஒலியசைகள் என அளக்கலாம். பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஜப்பானிய மொழியில் நொடிக்கு ஏறத்தாழ 7.8, ஆங்கிலத்தில் 6.2, மாண்டரின் சீனத்தில் 5.2 அசைகள் ஒலிக்கின்றன. 2019இல் 17 மொழிகளுக்கு விரிவாக்கப்பட்ட ஆய்வு, அசைகள் விரையும் மொழிகளில் ஓரசை சுமக்கும் செய்தி குறைவு என்றும், அசைகள் நிதானமாக வரும் மொழிகளில் அது மிகுதி என்றும், ஆகவே நொடிக்குச் செல்லும் செய்தியளவு மொழிக்கு மொழி பெரிதும் வேறுபடாமல் 39 பிட் (செய்தியை அளக்கும் அலகு) அளவைச் சுற்றியே அமைகிறது என்றும் காட்டியது. தமிழ் அப்பட்டியலில் இல்லை. நம் அசைகள் எளிய கட்டமைப்பு உடையவை, சொற்களோ நீண்டவை. ஆதலால் நம் பேச்சில் அசைகள் விரைந்து செல்லும் என எதிர்பார்க்க இடமுண்டு.

கேள்வி: ஐந்து வயது மகனுக்கு எழுத்துகள் தெரிகின்றன, சேர்த்துப் படிக்கத் திணறுகிறான். ‘ப், அ, ட், அ, ம்’ என ஒலிகளைத் தனித்தனியாகச் சொல்லிக் கொடுப்பது பயன்தருமா?
(தாய் ஒருவர், திருநெல்வேலி)

அந்த வயதில் அது கடினமான வழி. 1974இல் அமெரிக்காவில் இசபெல் லிபர்மன் குழுவினர், சொல்லைக் கேட்டு அதன் பகுதிகளுக்கு ஏற்ப மேசையில் தட்டுமாறு சிறுவர்களைக் கேட்டனர். நான்கு வயதினருள் ஏறத்தாழப் பாதிப் பேர் அசைகளைச் சரியாகத் தட்டினர். தனியொலிகளைத் தட்டத் தெரிந்தவர் அவ்வயதில் ஒருவரும் இல்லை. 1979இல் போர்ச்சுகலில் எழுதப்படிக்கக் கல்லாத பெரியவர்களிடம் நடந்த ஆய்வும், சொல்லின் முதலொலியை மட்டும் நீக்கிச் சொல்வது அவர்களுக்கு மிக அரிதாகவே கைவருகிறது எனக் கண்டது. அசையை உணரும் திறன் தானாக வருகிறது. தனியொலியை உணரும் திறனைப் பெரும்பாலும் எழுத்துக்கல்விதான் தருகிறது.

ஆகவே ‘ப-டம்’ என அசையாகவே தொடங்குங்கள். ‘ப’, ‘ட’ ஆகியவை தாமே முழு அசைகள் என்பதால் தமிழ் எழுத்து உங்களுக்குத் துணைநிற்கும். குழந்தை திணறுவது பெரும்பாலும் புள்ளியெழுத்திலாக இருக்கும். ‘ம்’மைத் தனியே உச்சரிக்கச் சொல்லாமல், ‘ட’வைச் சொல்லிக்கொண்டே வாயை மூடச் செய்யுங்கள், ‘டம்’ தானாக வரும். முதலில் ம், ன், ல், ர் போல நீட்டி ஒலிக்கக்கூடிய மெய்களில் முடியும் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள்: படம், அவன், கடல், மலர். பிறகு ‘பந்து’, ‘தம்பி’ என மூக்கொலி இடையே வருபவை. ‘அக்கா’, ‘பட்டம்’ போன்ற இரட்டித்த வல்லினச் சொற்களைக் கடைசியாக வையுங்கள். அங்கே முன்னசையை முடிக்கும் மெய்க்குத் தனியோசை இல்லை, சிறு அடைப்பு மட்டுமே உண்டு. ஒவ்வோர் அசைக்கும் ஒருமுறை கைதட்டச் சொல்லிவிட்டு அதன்பின் எழுத்தைக் காட்டுங்கள்.